அம்பார்ஃபேயும் பஸே கோம்போஸேயும்: ‘நீண்ட நேரம் நடந்தது’ என்பதுதான் விதியா?

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பிரெஞ்சு டெல்ஃப் ஏ2 தேர்வுக்குப் படித்து வருகிறேன். அத்தேர்வின் எழுத்துப் பகுதியில், நடந்து முடிந்த ஓர் அனுபவத்தை விவரிக்கச் சொல்லும் வினா வரும். அதற்கு அம்பார்ஃபே, பஸே கோம்போஸே ஆகிய இரண்டு இறந்தகாலங்களையும் கலந்து எழுதியாக வேண்டும். பஸே கோம்போஸே எனக்குப் பழகிவிட்டது. அம்பார்ஃபேயைத்தான் எந்த இடத்தில் எழுதுவது என்று உறுதியாகத் தெரியவில்லை.

என்னிடம் உள்ள வழிகாட்டி நூல், நீண்ட நேரம் நடந்த செயலுக்கு அம்பார்ஃபே என்றும் சட்டென்று முடிந்த செயலுக்குப் பஸே கோம்போஸே என்றும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. ஆனால் வகுப்பில் படிக்கத் தந்த ஒரு பத்தியில், 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்து 1759 பிப்ரவரி வரை சென்னையை முற்றுகையிட்ட செய்தி வந்தது. அங்கே, “முற்றுகை இரண்டு மாதம் நீடித்தது” என்பதற்கு ‘லெ சியேஜ் அ த்யுரே தெ முவா’ என்று பஸே கோம்போஸேயில் இருந்தது. இரண்டு மாதம் என்பது நீண்ட காலம் இல்லையா? நீடித்தல் என்ற வினையே நீளத்தைக் குறிப்பதுதானே? அப்படியிருக்க அங்கே அம்பார்ஃபே ஏன் வரவில்லை?

ஆங்கிலத்தின் வழியாகச் சிந்திக்கும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. ‘வென்ட்’ என்ற ஒரே சொல், நேற்று ஒருமுறை போனதையும் சிறு வயதில் நாள்தோறும் போனதையும் குறித்துவிடுகிறது. வினைவடிவங்களை அமைக்கும் முறையையும் ஒருமுறை தெளிவாகச் சொல்ல முடிந்தால் உதவியாக இருக்கும். பிரெஞ்சுச் சொற்களின் ஒலியை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

பெரம்பூர் ஆசிரியர் எழுதியது:

உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. அந்த வழிகாட்டி நூலின் விதியை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு செயல் எவ்வளவு நேரம் நடந்தது என்பதற்கும் அம்பார்ஃபேக்கும் தொடர்பே இல்லை. ஐரோப்பிய வரலாற்றில் நூறாண்டுப் போர் என்று சொல்லப்படுவது 1337 முதல் 1453 வரை 116 ஆண்டுகள் நீடித்தது. அந்த வாக்கியத்தையும் பிரெஞ்சில் பஸே கோம்போஸேயில்தான் எழுதுவார்கள். செயலின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து முழுமையாகச் சொல்கிறோமா, அல்லது தொடக்கமும் முடிவும் தெரியாதபடி அதன் நடுப்பகுதியை மட்டும் சொல்கிறோமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. “இரண்டு மாதம் நீடித்தது” என்று அளந்து சொன்னவுடனே முற்றுகையின் இரு முனைகளும் கட்டப்பட்டுவிட்டன. ஆகவே ‘அ த்யுரே’ என்பதே சரி. அதே முற்றுகையைப் பற்றி, “பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன, கோட்டைக்குள் இருந்தவர்கள் உதவிக்குக் காத்திருந்தனர்” என்று அதன் நடுவிலிருந்து எழுதினால் இரண்டு வினைகளும் அம்பார்ஃபேயில் வரும். நிகழ்ச்சி ஒன்றுதான், சொல்பவர் அதை எங்கிருந்து காட்டுகிறார் என்பதே காலத்தை மாற்றுகிறது.

இதை இன்னும் தெளிவாக்க நம் ஊரில் பிறந்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். 1709இல் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். “அவர் இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார்” என்றால் ‘இல் அ ஏக்ரி’ என்று பஸே கோம்போஸே. “அவர் தமிழில் எழுதுவார், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் குறித்துவைப்பார்” என்று அவருடைய வழக்கத்தைச் சொன்னால் ‘இல் ஏக்ரிவே’ என்று அம்பார்ஃபே. எழுதியவரும் அவரே, எழுதிய ஆண்டுகளும் அவையே.

மேலே நான் தமிழில் ‘எழுதினார்’ என்றும் ‘எழுதுவார்’ என்றும் பிரித்து எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சுக்குப் போவதால் நம் மாணவர்கள் இழப்பது இந்தப் பிரிவைத்தான். “சின்ன வயதில் ஞாயிறுதோறும் காசிமேட்டுக்குப் போவோம்” என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். ‘போவோம்’ வடிவத்தில் எதிர்காலமாக இருந்தாலும் பொருளில் இறந்தகால வழக்கம். நன்னூல் இதற்கு இடம் தந்திருக்கிறது: ‘விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும்’ காலங்கள் பிறழ்ந்து வரலாம் என்கிறது. பழைய வழக்கத்தைக் குறிக்கும் இந்தப் ‘போவோம்’ அங்கே சொன்ன இயல்பினால் வருவது. இத்தகைய ‘வோம், வேன், வார், உம்’ வடிவங்களில் பழங்கதை சொல்லும் இடமெல்லாம் பிரெஞ்சில் அம்பார்ஃபே. ‘கொண்டிருந்தேன்’ என்று முடியும் இடமும் பெரும்பாலும் அப்படியே.

மனநிலையைச் சொல்லும் வினைகளுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. “எனக்கு அப்போதே தெரியும்” என்பது ‘ஜெ லெ சாவே’, அம்பார்ஃபே. “எனக்கு நேற்றுதான் தெரிந்தது” என்பது ‘ஜெ லே ஸ்யு யேர்’, பஸே கோம்போஸே. “அவனுக்குக் கால்பந்து என்றால் உயிர், அவ்வளவு பிடிக்கும்” என்று வியாசர்பாடிப் பையன் ஒருவனின் இளமையைச் சொன்னால் ‘இல் ஏமே’ என்று அம்பார்ஃபே வரும். “நேற்றைய ஆட்டம் எனக்குப் பிடித்தது” என்றால் பஸே கோம்போஸே வரும். தெரியும், தெரிந்தது, பிடிக்கும், பிடித்தது. இந்த இணைகளைத் தமிழ்க் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. அந்தக் காதோடு பிரெஞ்சுக்குப் போனால் பாதி வழி கடந்தாயிற்று.

இன்னொரு நுட்பமும் தமிழிலேயே இருக்கிறது. “பாட்டி ராயபுரத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்” என்பதற்கு ‘அவ்வளவு காலம்’ என்று பொருள்படும் ‘பான்தான்’ என்ற சொல்லோடு பஸே கோம்போஸே: ‘எல் அ வேக்யு’. “பாட்டி ராயபுரத்தில் இருபது ஆண்டுகளாக வாழ்ந்துவந்தார், அப்போதுதான் தாத்தா ஓய்வு பெற்றார்” என்பதற்கு ‘அப்போதிலிருந்து’ என்று பொருள்படும் ‘தெப்வி’ என்ற சொல்லோடு அம்பார்ஃபே: ‘எல் வீவே’. ‘ஆண்டுகள்’ என்பதோடு ‘ஆக’ சேர்ந்ததும் செயல் முடியாமல் திறந்து நிற்கிறது. அதேபோல் எண்ணிச் சொன்ன செயல்கள் திரும்பத் திரும்ப நடந்தவையாயினும் பஸே கோம்போஸேதான். “மூன்று முறை போனேன்” என்பதில் எண் வந்துவிட்டது, “அடிக்கடி போவேன்” என்பதில் வரவில்லை.

இனி வடிவங்களுக்கு வருகிறேன். நிகழ்காலத்தில் ‘நூ’, அதாவது ‘நாங்கள்’ என்பதற்குரிய வடிவத்தை எடுத்து, அதன் இறுதியிலுள்ள ‘ஓன்’ என்ற விகுதியை நீக்குங்கள். எஞ்சுவதுதான் அம்பார்ஃபேயின் அடிச்சொல். ‘நூ ஃபினிசோன்’ என்பதிலிருந்து ‘ஜெ ஃபினிசே’, ‘நூ ப்யுவோன்’ என்பதிலிருந்து ‘ஜெ ப்யுவே’, ‘நூ ப்ரெனோன்’ என்பதிலிருந்து ‘ஜெ ப்ரெனே’, ‘நூ ஃபெஸோன்’ என்பதிலிருந்து ‘ஜெ ஃபெஸே’. மற்ற காலங்களில் நம்மைப் படாதபாடு படுத்தும் ஒழுங்கற்ற வினைகளும் இங்கே அடங்கி நடக்கின்றன. விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான்: ‘இருத்தல்’ என்ற பொருளுடைய ‘ஏத்ர்’. அதன் ‘நூ’ வடிவமான ‘சோம்’ என்பதை விட்டுவிட்டு ‘ஏத்’ என்ற அடியை எடுத்து ‘ஜேதே, இல் ஏதே’ என்று அமைக்க வேண்டும். மழை பெய்தல், வேண்டியிருத்தல் போன்ற வினைகளுக்கு ‘நூ’ வடிவம் வழக்கில் இல்லை. அவற்றை ‘இல் ப்ளேவே’, ‘இல் ஃபாலே’ என்று அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

விகுதிகளில் ஒலியைவிட எழுத்துக்கூட்டலில்தான் மதிப்பெண் போகிறது. நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு இடங்களிலும் காதில் விழுவது ‘ஏ’ என்ற ஒரே ஒலி. எழுதும்போது நானுக்கும் நீக்கும் ஏ-ஐ-எஸ், அவனுக்கும் அவளுக்கும் ஏ-ஐ-டி, அவர்களுக்கு ஏ-ஐ-ஈ-என்-டி. நாங்களுக்கு ஐ-ஓ-என்-எஸ், நீங்களுக்கு ஐ-ஈ-இசட். லாலியின் காலத்துக் கடிதங்களைப் பார்த்தால் ஏ-ஐ என்று நாம் எழுதும் இடத்தில் ஓ-ஐ என்று இருக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் ஏ-ஐக்காக வாதாடினார். பிரெஞ்சு அகாதெமி 1835இல் வெளியிட்ட அகராதியில்தான் அதை ஏற்றுக்கொண்டது. தேர்வுக்கு இது வேண்டாம். புதுச்சேரியின் பழைய ஆவணங்களை என்றாவது படிக்க நேர்ந்தால் திகைக்காமல் இருப்பீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

வண்ணாரப்பேட்டை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு நாள்தோறும் மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். ‘போவோம், வருவார்’ என்ற அடையாளம் பேச்சிலும் நினைவுக் குறிப்புகளிலும் தெளிவாக இருக்கிறது. கட்டுரைத் தமிழில் அது மறைந்துவிடுகிறது. “அக்காலத்தில் மக்கள் டிராமில் சென்றனர், 1953இல் சென்னையில் டிராம் நிறுத்தப்பட்டது” என்று ஒருவர் எழுதினால், இரண்டு வினைகளும் வெறும் இறந்தகாலமாகவே நிற்கின்றன. ஆனால் பிரெஞ்சில் முதல் வினை அம்பார்ஃபே, இரண்டாவது பஸே கோம்போஸே. இத்தகைய இடத்தில் நான் கையாளும் சோதனை எளிது: ‘சென்றனர்’ என்பதை எடுத்துவிட்டு ‘செல்வார்கள்’ அல்லது ‘சென்றுவந்தனர்’ என்று வைத்துப் பார்ப்பேன். பொருள் சிதையாமல் இருந்தால் அம்பார்ஃபே. ‘நிறுத்தப்பட்டது’ என்பதை ‘நிறுத்தப்படும்’ என்று மாற்றிப் பாருங்கள், வாக்கியமே குலைந்துவிடும்.

‘இருந்தது’ என்ற சொல்லில் இந்தச் சோதனை எப்போதும் கைகொடுக்காது. “2021க்கு முன் திருவொற்றியூரில் மெட்ரோ இல்லை”, “தெருமுனையில் ஒரு கிணறு இருந்தது” போன்ற வாக்கியங்களில் நிலைமை மட்டுமே சொல்லப்படுகிறது. ‘இல் இ அவே’ என்று அம்பார்ஃபேயில் எழுதிவிடலாம். “பயணம் நன்றாக இருந்தது” என்று முழுப் பயணத்துக்கும் தீர்ப்புச் சொல்லும்போதோ இரண்டு காலங்களும் வரக்கூடும். அங்கே தமிழ் வடிவத்தைப் பார்க்காமல், ஆசிரியர் ஐயா சொன்ன அந்த முதல் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழிகாட்டி நூல்கள் தரும் குறிச்சொற்பட்டியல்களையும் நம்பியிருக்க வேண்டாம். ‘எப்போதும்’ என்று பொருள்படும் ‘தூஜூர்’ வந்தால் அம்பார்ஃபே என்று அவற்றில் இருக்கும். ஆனால் “எனக்குக் கடல் என்றைக்குமே பிடித்துத்தான் இருந்திருக்கிறது” என்று இன்றுவரை நீளும் விருப்பத்தைச் சொல்லும்போது ‘ஜே தூஜூர் ஏமே லா மேர்’ என்று பஸே கோம்போஸேயே வரும். குறிச்சொல் ஒரு துணைதான். காலத்தைத் தீர்மானிப்பது வாக்கியத்தின் பொருள்.

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. ‘தெரியும், தெரிந்தது’ என்ற இணை எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. அதை வைத்துச் சில வாக்கியங்கள் அமைத்திருக்கிறேன்.

‘கான் ஜேதே பெதீத், ஜாபிதே அ காசிமேடு. மோன் க்ரான்பேர் பார்தே ஆன் மேர் தூ லே மாதேன். அன் ஜூர், லா மேர் ஏதே மோவேஸ், ஏ இல் ஏ ராந்த்ரே அ மிதி.’

நான் சிறுமியாக இருந்தபோது காசிமேட்டில் வாழ்ந்தேன், தாத்தா நாள்தோறும் காலையில் கடலுக்குப் போவார், ஒருநாள் கடல் கொந்தளிப்பாக இருந்தது, அவர் நண்பகலிலேயே திரும்பிவிட்டார் என்பதே பொருள். ஆசிரியர் ஐயாவின் விளக்கப்படி ‘போவார்’ அம்பார்ஃபே, ‘திரும்பிவிட்டார்’ பஸே கோம்போஸே. ஆனால் ‘ஒருநாள்’ என்று குறிப்பிட்ட பிறகும் கடல் கொந்தளித்ததை அம்பார்ஃபேயில் எழுதியது சரிதானா?

மேலும், ‘சி’ என்ற நிபந்தனைச் சொல்லுக்குப் பிறகு இறந்தகாலப் பொருளே இல்லாமல் அம்பார்ஃபே வருகிறதே, அது ஏன்? கடைசியாக, ஒலிப்பதிவைக் கேட்கும்போது ‘நான் பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதும் ‘நான் பேசினேன்’ என்பதும் ஒன்றுபோலவே கேட்கின்றன.

பெரம்பூர் ஆசிரியர் எழுதியது:

நீங்கள் எழுதியது சரிதான். ‘ஒருநாள்’ என்ற சொல் அந்த நாளை வேறு நாள்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறதே தவிர, கொந்தளிப்பு எப்போது தொடங்கி எப்போது அடங்கியது என்று சொல்லவில்லை. தாத்தா திரும்பி வந்ததுதான் கதையில் நடந்த நிகழ்ச்சி. கடல் அப்படி இருந்தது அதற்குச் சூழல். “ஒருநாள் கடல் திடீரென்று கொந்தளித்தது” என்று அந்த மாற்றத்தையே நிகழ்ச்சியாகச் சொல்லியிருந்தால் பஸே கோம்போஸே வந்திருக்கும். இங்கே உங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. “தாத்தா அப்போதுதான் புறப்பட்டிருந்தார்” என்று சொல்ல விரும்பினால் ‘இல் வெனே தெ பார்தீர்’ என்று ‘வருதல்’ என்ற பொருளுள்ள ‘வெனீர்’ வினையை அம்பார்ஃபேயில் வைத்து எழுதலாம். ஏ2 நிலையில் இதை எழுதுபவர்கள் குறைவு. அதனாலேயே அது எடுத்துத் தெரியும்.

‘சி’ பற்றிய உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. “நேரம் இருந்தால் புதுச்சேரிக்குப் போவேன்” என்பதை ‘சி ஜாவே லெ தான், ஜிரே அ போந்திஷேரி’ என்பார்கள். தமிழில் ‘இருந்தால்’ என்பதை உடைத்துப் பாருங்கள்: ‘இருந்து’ என்ற இறந்தகால வடிவத்தோடுதான் ‘ஆல்’ சேர்ந்திருக்கிறது. செய்தால், போனால், வந்தால் எல்லாமே அப்படித்தான். ஆனால் அவற்றில் இறந்தகாலப் பொருளை யாரும் உணர்வதில்லை. பிரெஞ்சிலும் உண்மை அல்லாத ஒன்றையோ நடக்க அரிதான ஒன்றையோ கற்பனை செய்யும்போது, ‘சி’யை அடுத்து வினை இறந்தகால வடிவத்தில் நிற்கிறது. நடக்கக்கூடியதே என்று நினைத்துச் சொன்னால் மட்டும் ‘சி’யை அடுத்து நிகழ்காலம் வரும்; தமிழில் இந்த வேறுபாடு வினைவடிவத்தில் தெரியாது என்பதால் அதைத் தனியே பழக வேண்டும். ‘ஜிரே’ என்பதில் உள்ள ‘ரே’ நிபந்தனை வினைக்குரியது. அது ‘சி’ இருக்கும் பகுதிக்குள் வரவே கூடாது. ‘சிக்கு ரே பிடிக்காது’ என்று பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுப்பார்கள்.

பணிவைக் காட்டவும் அம்பார்ஃபே உதவும். “உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்” என்று நாம் கேட்கப்போவதைக்கூட இறந்தகாலத்தில் மெல்லத் தொடங்குவதுபோல, அவர்கள் ‘ஜெ வூலே வூ தெமான்தே’ என்று தொடங்குவார்கள். நண்பர்களிடம் ‘சி ஓன் அலே அ லா ப்ளாஜ்?’ என்றால் “கடற்கரைக்குப் போகலாமா?” என்று பொருள், அங்கே ‘சி’ நிபந்தனையைக் குறிப்பதில்லை.

ராயபுரம் வாசகர் எழுதியது:

காதால் பிரித்தறிவது பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பிரெஞ்சு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுவது என் வேலை. ‘பார்லே’ என்ற பகுதியைக் கேட்டுப் பிரிக்க முயலாதீர்கள். அங்கே இரண்டு வடிவங்களுக்கும் உள்ள ஒலி வேறுபாடு மெல்லியது. பலருடைய பேச்சில் கேட்கவே கேட்காது. வேறுபாடு முன்னால் இருக்கிறது. அம்பார்ஃபே ‘ஜெ பார்லே’, பஸே கோம்போஸே ‘ஜே பார்லே’. முதலாவதில் குறுகிய, வாயைத் திறக்காத ஒலி. இரண்டாவதில் தெளிவான ‘ஏ’. எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் கேட்டுப் பழகிய நமக்கு இது கடினமாக இருக்கக் கூடாது. விரைந்து பேசுபவர்கள் ‘ஜெ’யை அடுத்த சொல்லோடு ஒட்டி ‘ஷ்பார்லே’ என்பதுபோல் சொல்வார்கள். அப்படிக் கேட்டால் அது உறுதியாக அம்பார்ஃபே.

பெரம்பூர் ஆசிரியர் எழுதியது:

நல்ல குறிப்பு, ஐயா. மாணவிக்கு எழுத்துக்கூட்டல் பற்றி இரண்டு செய்திகள் மட்டும் மீதம் இருக்கின்றன. உண்ணுதல் என்ற பொருளுள்ள ‘மான்ஜே’ வினையில், ‘ஜி’ என்ற எழுத்துக்கு அடுத்து ஏ-ஐ வரும்போது இடையில் ஓர் ‘ஈ’ எழுத்தை விடாமல் எழுத வேண்டும்; இல்லையென்றால் ‘ஜி’யின் ஒலி ககரமாகிவிடும். நாங்கள், நீங்கள் வடிவங்களில் விகுதி ஐ எழுத்தில் தொடங்குவதால் அந்த ‘ஈ’ தேவையில்லை. தொடங்குதல் என்ற பொருளுள்ள ‘கொமான்சே’ வினையிலும் இதே காரணத்தால், ஏ-ஐக்கு முன் ‘சி’ எழுத்தின் அடியில் ஒரு சிறு கொக்கி போட வேண்டும்.

படித்தல் என்ற பொருளுள்ள ‘எத்யுதியே’ வினையின் அடிச்சொல்லே ‘ஐ’ எழுத்தில் முடிகிறது. ஆகவே அம்பார்ஃபேயில் நாங்கள், நீங்கள் என்ற இரண்டு இடங்களிலும் ‘ஐ’ அடுத்தடுத்து இருமுறை வரும். பார்ப்பதற்குப் பிழைபோலத் தோன்றுவதால் மாணவர்கள் ஒன்றை அடித்துவிடுகிறார்கள். அடித்துவிட்டால் அந்தச் சொல் “படிக்கிறோம், படிக்கிறீர்கள்” என்று நிகழ்காலமாகிவிடும்.